முந்திக்கொண்டவர்

"மன்னிக்கணும்மா. உங்க கேஸை நான் எடுக்க முடியாது."

அவள் வந்து உட்கார்ந்த நாற்காலி இன்னும் சூடாகவில்லை. அவள் பெயரையும் கணவன் பெயரையும் மட்டும்தான் வக்கீலம்மா கேட்டிருந்தார். விவாகரத்து வழக்கு என்றால் ஊரே இவரைத்தான் 'சிங்கம்' என்கிறது. சிங்கத்திடம் போனால் பாப்பா நம்மிடம்தான் என்று அக்கா அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஏன் மேடம்? ஃபீஸ் எவ்வளவு ஆனாலும்..."

"ஃபீஸ் விஷயம் இல்ல. உங்க கணவர் ஏற்கெனவே இங்க வந்து எல்லாத்தையும் பேசிட்டுப் போயிட்டார். ஒருத்தர் கதையைக் காதுல வாங்கிட்டா, அவருக்கு எதிரா இன்னொருத்தருக்கு நான் வாதாடக் கூடாது. எங்க தொழில் அப்படி."

"அவர் வந்தாரா? என்ன சொன்னார்?"

"அதையும் சொல்லக் கூடாது."

சிங்கம் வேறு எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தது.

படிகளில் தடதடவென்று இறங்கினாள். எதிலும் அவர்தான் முந்தி. வீட்டில் நல்ல தலையணை அவர் பக்கம். பத்து மாதம் சுமந்து பெற்றவள் இவள், பாப்பா முதன்முதலாகப் பேசிய வார்த்தை 'அப்பா'. பள்ளிக்கூடத்தில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டால்கூட இன்றைக்கும் அது அப்பாவைத்தான் கூப்பிட்டு அழுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். இப்போது வக்கீல் பிடிப்பதிலும் முந்திக்கொண்டார். பாப்பாவைக் கொண்டுபோய்விடுவார் என்று பயமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அழாதடி. அவர் செஞ்சதையே நீயும் செய். ஊர்ல பேரெடுத்த வக்கீல் ஒருத்தர் விடாம போய் உன் கதையைச் சொல்லிட்டு வா. அப்புறம் அவர் யார்கிட்டப் போறார்னு பார்த்துடுவோம்!"

"அவர்கிட்டதான் சிங்கமே இருக்கே?"

"சிங்கத்துக்கு ஜுரம் வராதா? வேற ஆள் தேடி அலையட்டுமே!"

"தப்பில்லையாக்கா?"

"அவர் செஞ்சா சாமர்த்தியம், நீ செஞ்சா தப்பா?"

கிளம்பிவிட்டாள். ஒரு வக்கீல் கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்டார். இன்னொருவர் அவள் அழ ஆரம்பிக்கும் முன்பே காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகேறியது. முதல் வக்கீலிடம் சிடுசிடுப்புக்காரராக இருந்த கணவர், கடைசி வக்கீலிடம் வருவதற்குள் கொடுங்கோலராகியிருந்தார்.

அவளுக்கென்று ஒரு வக்கீல் வேண்டுமே? தையற்கடை மாடியில் இருந்த ஓர் இளைஞரை வைத்துக்கொண்டாள். மற்ற எல்லோரும் கணவரின் குற்றங்களையே துருவித் துருவிக் கேட்டார்கள். இவர்தான், "பாப்பா காலையில யார் கையால தலை வாரிக்கும்?" என்று கேட்டார். "என் கையாலதான்" என்றாள். அதை மட்டும் அவர் குறித்துக்கொண்டார்.

சமரசப் பேச்சுக்கான நாள் வந்தது. நீள மேஜைக்கு ஒரு பக்கம் அவளும் வக்கீலும், நடுவில் மத்தியஸ்தர். கதவு திறக்கும் என்று காத்திருந்தாள். சிங்கம் உள்ளே வந்தால் நடுங்கிவிடக் கூடாது என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணவர் மட்டும் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பாப்பாவோட விளையாட்டு ஷூ. கார்லயே கிடந்துச்சு" என்று அவள் பக்கம் நகர்த்தினார்.

அதைத் தேடி அவள் வீட்டையே புரட்டிப் போட்டிருந்தாள். இதிலும் இவர்தான்!

"உங்க வக்கீல் எங்க சார்?" என்றார் மத்தியஸ்தர்.

"வக்கீல் இல்லைங்க. நானே பேசிக்கிறேன்."

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சிங்கம் கைவிட்டிருக்க வேண்டும். போன இடமெல்லாம் கதவு மூடியிருக்கும். அக்கா அக்காதான்!

"ஏன், யாருமே கிடைக்கலையா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நான் தேடலையே."

மத்தியஸ்தர் குறுக்கிட்டார். "சரி சார், குழந்தை விஷயத்துல நீங்க என்ன கேக்கறீங்க?"

"அம்மாகிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வெளிய கூட்டிட்டுப் போறேன். அதுவும் இவ சரின்னு சொன்னாத்தான்."

இளைஞரின் பேனா அப்படியே நின்றது. விட்டுக்கொடுப்பதில்கூட இவரே முந்திக்கொண்டாரே என்று அவளுக்கு ஒரு நொடி எரிச்சல்தான் வந்தது.

"அப்புறம் எதுக்கு என்னை முந்திக்கிட்டு சிங்கத்துகிட்டப் போனீங்க?"

அவர் அசடு வழியச் சிரித்தார்.

"உனக்கு அவங்களை வக்கீலா பேசி வைக்கலாம்னுதான் போனேன். நம்ம கதை முழுக்கச் சொல்லி முடிச்சப்புறம்தான், 'நீங்க இப்படி வந்து சொல்லிட்டதால, இனி உங்க மனைவிக்கு நான் வாதாட முடியாது'ன்னு திட்டி அனுப்பினாங்க. என் புத்தி அவ்வளவுதான்."

"எனக்கு வக்கீலா? நீங்க எதுக்குப் பார்க்கணும்?"

அவர் ஷூ இருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பாவுக்கு நீதான் வேணும்னு இன்னிக்கு எனக்குத் தெரியுது. நாளைக்கே மனசு கேக்காம பாப்பாவைக் கேட்டு நான் வந்து நின்னா, என்னைத் தோக்கடிக்க உன் பக்கம் கெட்டியா ஒரு ஆள் வேணாமா?"