ஒரு நீளம், இரண்டு குட்டை

ஐந்தாவது மரப் பலகையையும் காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு, அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான்.

ரயில் வடிவக் கட்டையை அதன் குழியில் வைத்தால் ரயில் கூவும். பசுவை வைத்தால் பசு கத்தும். ஈப்போவில் பதினோரு வருடமாகப் பொம்மைக் கடையில் நிற்கும் புஷ்பலதாவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் பசுவையும் சேவலையும் ஏறெடுத்தும் பார்க்காமல், ரயிலை மட்டுமே வைத்து வைத்து எடுக்கும் அப்பாவை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

ஐந்து பலகையிலும் ரயில் குப்குப் என்று புகைவண்டிக் காலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அவன் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தாள். தோள்பையில் பருப்புச் சோற்று டப்பா, திறந்து மூடிய அடையாளத்தோடு.

மணி ஒன்று. புஷ்பலதாவின் வயிறும் தன் பங்குக்குக் கூவியது.

“என்னா தம்பி, பொம்மை வாங்க வந்தீங்களா, ரயில் வாங்க வந்தீங்களா லா?”

அவன் அசடு வழியச் சிரித்தான். பெயர் கிளென், பிள்ளை ஜோவான் என்றான்.

“செமோர்ல எங்க வீட்டுக்குப் பின்னால தண்டவாளம்க்கா. மத்தியான ரயிலு ஒரு நீளம், ரெண்டு குட்டையா ஹார்ன் அடிக்கும். அதைக் கேட்டாத்தான் இவ வாயத் திறப்பா. திங்கக்கிழமை அந்த டிரைவரை ஜொகூர் பக்கம் மாத்திட்டாங்க. மூணு நாளா பாலுதான், ஒரு வாய் சோறு இறங்கல.”

புஷ்பலதாவின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பிள்ளை பட்டினி என்று காதில் விழுந்த பிறகு கடையாவது, சாப்பாட்டு நேரமாவது!

ஏணி போட்டு மேல்தட்டையும் இறக்கினாள். அங்கேயும் குப்குப்தான்.

அப்போதுதான் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வாங்குபவர்களே ஒலியைப் பதிந்துகொள்ள வேண்டிய பலகை. காசு கொடுத்து ஊமையை வாங்குவானேன் என்று இரண்டு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை.

ஊமை ரயிலைக் கையில் வாங்கியதும் கிளென் முகத்தில் விளக்கெரிந்தது. உடனே போனை எடுத்தான்.

“ரொம்பத் தெரிஞ்ச டிரைவர்தான்க்கா. இப்ப ரெஸ்ட் டைம்.”

போனில் ஏதோ குசுகுசுத்தான். பிறகு பதியும் பொத்தானை அழுத்திக்கொண்டு, போனைப் பலகையோடு ஒட்டி வைத்தான்.

“பாஆஆஆம்… பாம், பாம்!”

ஹார்ன் இல்லை. வாயால்தான். கரகரவென்று, ஆனால் சுதி பிசகாமல்.

புஷ்பலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கியது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். யாரோ பெற்ற பிள்ளை சோறு தின்ன, எங்கோ ஜொகூரில் ஓய்வை விட்டுவிட்டு வாயால் ரயில் விடுகிறாரே, அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

கிளென் மகளைத் தரையில் உட்கார வைத்து, கட்டையைக் கையில் கொடுத்தான். டப்பாவைத் திறந்து கரண்டியோடு தயாராக இருந்தான்.

ஜோவான் ரயிலை முதலில் கடித்துப் பார்த்தாள். தலைகீழாக வைத்தாள். பிறகு, ஒருவழியாக, குழிக்குள் அழுத்தினாள்.

“பாஆஆஆம்… பாம், பாம்!”

பிள்ளை பலகையைப் பார்த்தாள். குனிந்து அதன் அடியில் தேடினாள். முகமெல்லாம் மலர, பூட்டியிருந்த வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

“அம்மா!”

திறந்த வாயைக் கிளென் விடுவானா? ஒரு கரண்டி பருப்புச் சோறு உள்ளே போனது.

புஷ்பலதா சட்டென்று போனைத் திரும்பிப் பார்த்தாள்.

அணைக்காமல் தரையில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண்குரல், சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டது.

“முழுங்கிட்டாளா?”