பரமசிவனுக்கு ஒரு துண்டு

தகனத்துக்கு முன் பரமசிவனின் தோளிலிருந்து எடுத்த கூழ்க்கட்டியை மின்மயான ஊழியர் டப்பாவில் போட்டுப் பரமசிவனின் மனைவி செண்பகவல்லியிடம் கொடுத்தார். சர்க்கரை நோய்க்காக டாக்டர் வைத்தது; ஒன்பது வருஷம் பரமசிவனின் தோலுக்கடியில் இருந்தது அது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் தானாக உப்பி மருந்தைக் கசியவிடும். சாம்பலை ஆற்றில் கரைத்த பிறகு அவர் உடம்பில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் படையலில் அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டு அவர் படத்துக்கு முன்னால் வைத்தாள். இலையிலிருந்த கருப்பட்டி மிட்டாயில் ஒரு துண்டு கைதவறிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. கூழ் மெல்ல உப்பியது. மருந்தின் நீலம் தண்ணீரில் பரவியது.

"உங்கப்பா சாப்பிடுதாருடி" என்று மகள் இசைவாணியின் கையை இறுகப் பிடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டு. தினமும் கூழ் உப்பியது. நீலம் மட்டும் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தது.

"அதுல மருந்து தீரப்போகுதும்மா" என்றாள் இசைவாணி. "இன்னும் நாலஞ்சு தடவைதான் வரும்."

மறுநாள் காலை செண்பகவல்லி கிண்ணத்துத் தண்ணீரை மாற்றினாள். கையில் எடுத்த மிட்டாயைத் திரும்ப மிட்டாய் டப்பாவிலேயே போட்டு மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அவர் இருந்தவரைக்கும் அவருக்குத் தெரியாமல் ஒளித்த அதே இடம்.

கிண்ணத்தில் கூழ் சுருங்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அப்படிப் பாக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."