பால் வாங்கப் போன கார்

"பால்... பால்... நாய்க்கு ஊசி... மறுபடியும் பால்!"

வாசிக்க வாசிக்கக் கோர்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பல்லாரட் ஊர்ப் பழைய கார் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளியே சாசேஜும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மேஜை மேல் நெவிலின் வண்டிப் புத்தகம்.

பழைய காரை வருஷத்தில் தொண்ணூறு நாள்தான் ரோட்டில் இறக்கலாம். கிளம்பும் முன் தேதியும் காரணமும் புத்தகத்தில் நாளுக்கு ஒரு கட்டமாக எழுத வேண்டும். தினசரி வேலைக்கு எடுத்தால் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துக் கிடையாது. இது சங்கத்தின் விதி. கையெழுத்துப் போடுகிறவர் கோர்டன். அது இல்லாவிட்டால் நெவிலின் பச்சைக் கார் ஷெட்டை விட்டு நகராது.

முப்பது வருஷ சிநேகிதன். அதனால்தான் கோர்டனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஜன்னல் வழியே நெவிலின் குரல் உள்ளே வந்தது.

"தினசரி ஓட்டத்துக்கு ஏதாவது ஒரு ஆட்டோமேட்டிக்கை வாங்கித் தொலைங்கப்பா. நல்ல காரை எடுத்துட்டுப் பால் வாங்கப் போறவன் உருப்படவே மாட்டான்! யாருடா இங்க ஃபிரிட்ஜைக் கொண்டாந்து நிறுத்தினது?"

கூட்டம் சிரித்தது. ஃபிரிட்ஜ் என்றது கோர்டன் வந்த வெள்ளைக் காரை. ஜூன் தொடக்கத்தில் அவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன். வீட்டில் இருந்த இரண்டு கார்களும் கியர் வண்டி. கிளட்ச்சை மிதித்தால் உயிர் போனது. சங்கச் செயலாளர் மொய்ராதான் இந்த ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்து வாசலில் விட்டாள். "சங்கத்துக்கு யாரோ குடுத்தது. சும்மாதான் நிக்குது, கால் சரியாகற வரைக்கும் ஓட்டுங்க" என்றாள்.

"நெவில்! உள்ள வா."

நெவில் வாயில் ரொட்டியோடு வந்தார்.

"என்னடா இது?"

நெவில் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி இல்லாம ஒரு எழவும் தெரியல. ஜூன்லேர்ந்து தேடுறேன்."

"நானே வாசிக்கிறேன். முதல் எட்டு மாசத்துல நாலே நாள் வண்டி எடுத்திருக்க. ஜூன் ஒன்பதுலேர்ந்து ஒரு நாள் விடல! தொண்ணூறு கட்டமும் தீர்ந்துபோச்சு."

"அதான் இன்னிக்கு நடந்து வந்தேன்."

"உன் தினசரி வண்டி எங்க?"

நெவில் ரொட்டியை மெதுவாக மென்றார். "வித்துட்டேன்."

"ரிஜிஸ்ட்ரேஷன் செலவு மிச்சம்! வெளியில நின்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற, இங்க நாய்க்கு ஊசி போடப் பழைய கார்ல போற. வெக்கமா இல்ல?"

"கோர்டன், அவசரப்படாதீங்க..." மொய்ரா குறுக்கே வந்தாள். நெவில் அவளை ஒரு முறை முறைத்தார். 

"இவனுக்கு நீங்க வக்காலத்து வாங்காதீங்க மொய்ரா. கமிட்டிக்கு எழுதப்போறேன்."

"விதி விதிதான். நான் வேணாம்னா சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு நெவில் வெளியே போய்விட்டார்.

கோர்டன் புகார்த் தாளை எடுத்து விரித்தார். 'விதியை மீறியவர் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றது. எழுத வரவில்லை. வீட்டில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் நெவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். தாண்டிப் போய்விடத்தான் நினைத்தார் கோர்டன். கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"ஏறுடா."

"இந்த ஃபிரிட்ஜ்லயா?"

"ஏறித் தொலைடா."

நெவில் ஏறி உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கார் நகர்ந்தது.

"துடைக்கக் குடுக்க ஒரு துணிகூட இல்ல. முன்னாடி பெட்டியில ஏதாவது இருக்கும்னா, அது மூணு மாசமா திறக்கவே மாட்டேங்குது. ஸ்க்ரூடிரைவர் வெச்சுக்கூட நெம்பிப் பார்த்துட்டேன்."

"இந்த மாதிரி பெட்டிக்கெல்லாம் கார்னு பேர் வெச்சவனைச் சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி, நெவில் பெட்டியின் அடியில் முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தி, இடது மூலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

பெட்டி பொத்தென்று திறந்துகொண்டது.

உள்ளேயிருந்து மஞ்சள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். துணிக்கு அடியில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"அட! இங்கயா இருந்துச்சு சனியன்?" எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாட்டிய பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது.

கோர்டன் காரை ஓரம் கட்டினார். வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியுமாக ஓடியது. மொய்ரா இந்தக் காரைக் கொண்டுவந்து விட்டது ஜூன் எட்டாம் தேதி. மறுநாளிலிருந்துதான் புத்தகத்தில் பால்.

"சும்மாதாண்டா நின்னுது" என்றார் நெவில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட. வீம்பு புடிச்சவன்."

 கோர்டன் நெவிலின் புத்தகத்தைத் திறந்து அடுத்த வருஷத்துக்கான கையெழுத்தைப் போட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து புகார்த் தாளை எடுத்து ஸ்டீயரிங் மேல் விரித்து, 'விதியை மீறியவர் பெயர்' என்ற இடத்தில் 'கோர்டன்' என்று எழுதினார்.