பாயாதே, ஜட்ஜ்!

அழைப்பு மணி அடித்தால் போதும், வீட்டு நாய் ஜட்ஜ் ஓடிப்போய் மாமனார் மேல் பாயும்.

"நீங்க குடுக்கிற செல்லம்தான் மாமா இதுக்குக் காரணம்" என்றாள் மருமகள்.

"பாயட்டும்மா. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா எனக்கு அவன்தானே துணை."

அவள் விடுவதாக இல்லை. நாய்ப் பயிற்சியாளர் சொன்னபடி, தினமும் காலையில் கதவைத் திறந்துவைத்து இருபது தடவை மணியை அடித்தாள். படுத்திருந்தால் பிஸ்கட், பாய்ந்தால் பட்டினி. மூன்றாவது வாரம் மணிச் சத்தத்துக்கு ஜட்ஜ் வாலை மட்டும் ஆட்டியது. 'யாருகிட்ட!' என்று அவள் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் தலைவலியென்று மதியமே திரும்பியவள் மணியை அடித்தாள். கதவு திறக்கவில்லை. விரல் வலிக்க அடித்தாள். பதறிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மாமனார் முதுகைக் காட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஜட்ஜ் சமர்த்தாகப் படுத்திருந்தது.

"மாமா!" என்று கத்தினாள். ஜட்ஜ்தான் எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்தது. அது ஓடுவதைப் பார்த்த பிறகே அவர் திரும்பினார்.

கதவைத் திறந்தவர் தலைகுனிந்து நின்றார்.

"ஒரு வருஷமா காது சுத்தமா கேக்கலைம்மா. உதட்டைப் பார்த்துச் சமாளிச்சேன். இவன் மேல வந்து விழுந்தா, வாசல்ல ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சுக்குவேன். சொன்னா எனக்காக நீ வேலையை விட்டுடுவியோன்னு பயம்."

அவள் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். மணியில் விரலை வைத்தாள்.

"டேய் ஜட்ஜ்! இனிமே பாய்ஞ்சாத்தான் பிஸ்கட்!"