இரண்டு பத்திகளில் ஒரே ஊர்

சங்கராபுரத்து மாடி அறையில் மதிய வெயில் கணினித் திரையின் மேல் சாய்ந்து விழுகிறது. கல்வராயன் மலையில் எடுத்த கணக்கெடுப்பை உபகாரமேரி ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். 'சொந்த ஊர்', 'இப்போது இருக்கும் ஊர்' என்று அட்டவணையின் இரண்டு பத்திகளைக் கொடுத்தால், இரண்டும் ஒன்றுதான், ஒன்றை நீக்கிவிடவா என்று மென்பொருள் கேட்கிறது. படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்த பொன்னுரங்கம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று டீயை ஊதுகிறார். "அதான் கேக்குதே, ஒண்ணத் தூக்கிடும்மா. இன்னாத்துக்கு யோசிச்சிக்கினு இருக்க?" அவள் விரல் மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். திரையைக் கீழே இறக்க இறக்க, இடப்பக்கம் இருக்கும் ஊரே வலப்பக்கமும் வருகிறது. தை பிறந்தால் மலையில் பாதிப் பேர் கரும்பு வெட்ட இறங்கிவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு எந்த ஊரில் விடுதி திறப்பது என்பதை இந்த இரண்டு பத்திகளின் வித்தியாசம்தான் சொல்ல வேண்டும். மேசையில் கிடக்கும் படிவக் கட்டை இழுத்துப் புரட்டுகிறாள். ஒரு தாளிலும் மடிப்பு இல்லை, செம்மண் கறை இல்லை. "ஏண்ணா, தை மாசத்துலதான மலைக்குப் போனீங்க?" என்கிறாள் திரும்பாமலே. "ஆமாம்மா, வெள்ளிமலைல ஆரம்பிச்சி வூடு வூடா ஏறி எறங்குனேன்." மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் படபடக்கிறது. அதை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறாள். "ஒத்த வூட்டுலகூடவா பூட்டு தொங்கல?" டீ ஊதும் சத்தம் நின்றுவிடுகிறது.