உருண்டையின் குறட்டை

எங்கள் பக் நாய் உருண்டைக்குச் சப்பை மூக்கு. நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். கட்டிலுக்கடியில் அவன் படுத்துத் தூங்கினால் குறட்டையில் வீடே அதிரும். டாக்டர் அவன் மூக்குத் துளையை அகலமாக்கி, தொண்டையில் தொங்கிய சதையையும் வெட்டி எடுத்தார்.

"இனிமே நிம்மதியா மூச்சு விடுவான். குறட்டையும் வராது" என்றார்.

மறுநாள் காலை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மத்தியானம் நான் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கடியிலிருந்து அதே குறட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க, அறுத்துத் தைச்சும் குறட்டை நிக்கலையே! டாக்டருக்குப் போன் போடுங்க."

கணவர் வந்து கதவருகே நின்றார். அவர் தோளில் உருண்டை சாய்ந்திருந்தான்.

"இவன் காலையிலேருந்து என்கிட்டதானே இருக்கான்? சத்தமே இல்லாம தூங்கினான்."

நான் துணியை வைத்துவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். குறட்டை நிற்கவில்லை. இத்தனை வருடம் கேட்ட அதே குறட்டை.

உருண்டை அவர் பிடியிலிருந்து திமிறி இறங்கினான். வாலை ஆட்டிக்கொண்டே கட்டிலுக்கடியில் நுழைந்தான்.

குறட்டை நின்றது. தூக்கம் கலைந்த யாரோ ஒருவர் உள்ளே மெல்லத் தொண்டையைச் செருமினார்.