நம்ம கம்பெனி மாத்திரை

"முதுமைதான் இந்த நாட்டின் எதிர்காலம்!" என்று பெங்களூர் அல்சூர் சங்கக் கூட்டத்தில் முழங்கினார் பழனிச்சாமி. தாம் ஷேர் வாங்கியிருக்கும் உள்ளூர் மாத்திரைக் கம்பெனியில் எல்லாரும் ஷேர் வாங்கி, இருபது வருஷம் தொடாமல் வைத்திருந்தால், ஊரார் பிரஷரெல்லாம் நமக்குப் பணமாகும் என்றார். அதைக் கேட்டு, மருந்துக்கடை காந்தா வளையலை விற்று வாங்கினாள்.

அடுத்த மாதம் பழனிச்சாமி அவள் கடைக்கு வந்து பிரஷர் மாத்திரை கேட்டார். காந்தா பெருமையாக அதே கம்பெனி அட்டையை நீட்டினாள்.

"இது வேணாம்மா." குரலைத் தாழ்த்தினார். "ஃபாரின் கம்பெனிது குடு. உயிர் சமாச்சாரம்."

"அப்போ நம்ம ஷேரை வித்துடட்டா அண்ணா?"

"ஐயையோ, விக்காதே! ஜனங்க இதைத்தானே சாப்பிடறாங்க."

"சூப்பர் குரு!" என்று கன்னடப் பாணியில் கேலி செய்தது பின்னால் வரிசையிலிருந்து ஒரு குரல். வரிசையே சிரித்தது.

காந்தா நாலு மடங்கு விலையுள்ள ஃபாரின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் தெரியும்படி அவர் முன் வைத்தாள்.

"எத்தனை வருஷமா இதைச் சாப்பிடறீங்க?"

"எட்டு."

"தயாரிச்சது யாருன்னு பின்னாடி படிங்க."

அட்டையைத் தூரத்தில் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுவந்தார்.

"நீயே சொல்லும்மா."

"நம்ம கம்பெனிதான் அண்ணா. அவங்களுக்கும் இவங்கதான் செஞ்சு குடுக்கறாங்க."

வயது தெரிந்துவிடும் என்று பழனிச்சாமி இதுவரை கண்ணாடி வாங்கவில்லை.